மலை சரியும் இடத்தில் குடியிருப்போர்

மழை பெய்து மலை சரிந்தால் இயற்கை அனர்த்தம் என்கிறோம். கடல் பொங்கி ஊரை வாரிச் சென்றாலும் அதே பெயர்தான். பாராளுமன்றத்திலும் பத்திரிகையிலும் தேநீர்க் கடையிலும் ஒருங்கே வழங்கும் சொல் இது. முன்னாளிலே தெய்வகுற்றம் என்றனர், ஊழ்வினை என்றனர். இன்று இயற்கை என்கிறோம். இம்மூன்று பெயர்களுக்கும் பொதுவானதொரு வசதி உண்டு. எதைச் சொன்னாலும் மனிதருள் எவரையும் அழைத்து விசாரிக்க வேண்டிய அவசியம் எழுவதில்லை.

அந்தச் சொல் பாதி உண்மையையே சொல்லுகிறது என்பது என் எண்ணம். மழை இயற்கைதான். நீர் ஊறிய மண் சரிவில் நிலைகொள்ளாது வழுகுவதும் இயற்கைதான். ஆனால் அந்த மண் வந்து விழும் வழியிலே, பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையொன்றில் ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாகக் குடியிருந்தது எவ்வாறு? அவர்களை அங்கே கொண்டுபோய் இருத்தியது மழையா? இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தால் வானிலை அறிக்கையை மூடிவைத்துவிட்டுக் காணிப் பதிவேட்டையும் சட்டப் புத்தகத்தையும் தோட்டத்துச் செக்றோலையும் திறக்க வேண்டியிருக்கிறது.

மீரியபெத்தையை எடுத்துக்கொள்வோம்.

பெரகலைச் சந்தியிலிருந்து வெல்லவாயாவை நோக்கி இறங்கும் பாதையில் பயணம் செய்தவர்களுக்குக் கொஸ்லந்தையைத் தெரிந்திருக்கும். எழுநூறு அடிக்கு மேலான உயரத்திலிருந்து தியலும நீர்வீழ்ச்சி விழுவதும் அப்பக்கத்திலேதான். இடப்புறம் மலைத்தொடர் சுவர்போல நிமிர்ந்து நிற்கும். வலப்புறம் தென்னிலங்கைச் சமவெளி நீலப்புகை படர்ந்து கிடக்கும். கண்ணுக்கு இனிய இடந்தான். ஆயின் அந்தச் சுவரின் அடியில் காலங்காலமாக உருண்டு சேர்ந்த கல்லும் மண்ணும் கலந்த சரிவுகள் உள்ளன. ஏற்கெனவே ஒருமுறை சரிந்து வந்து தங்கிய மண் அது. மீண்டும் நகர்வதற்கு அதற்கு வேண்டியது நீர் மாத்திரமே. அத்தகைய சரிவொன்றிலே தேயிலையும் அதன் நடுவே லயங்களும் இருந்த தோட்டம் மீரியபெத்தை. பதுளை மாவட்டம், ஹல்துமுல்லைப் பிரதேச செயலாளர் பிரிவு.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி, புதன்கிழமை. தீபாவளி கழிந்து சரியாக ஒரு வாரம். நாட்கணக்காகப் பெய்த மழையின்பின், காலை ஏழரை மணியளவில் மலையின் ஒரு பகுதி பிளந்து இறங்கியது. அறுபதுக்கு மேற்பட்ட வீடுகள் இருந்த இடத்தில் சற்று நேரத்தின் பின் சேறும் பாறையுமே இருந்தன.

அந்த ஏழரை மணி என்பதைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். தோட்டத்தில் அது பிரட்டு முடிந்து ஆட்கள் மலைக்கு ஏறும் நேரம். பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்பட்டுவிடும் நேரம். ஆகவே கொழுந்து பறிக்கச் சென்றவர்களும் படிக்கச் சென்றவர்களும் தப்பினர். வீட்டிலே இருந்தவர்களே அகப்பட்டனர். அந்நேரத்தில் வீட்டில் இருப்போர் யார்? வேலைக்குப் போகாத முதியோர், நோயாளர், கைக்குழந்தைகள், அவர்களைப் பார்த்துக்கொள்வோர். பாடசாலை விட்டு வந்த பிள்ளைகள் சிலருக்குத் தம் வீடு எந்த இடத்தில் இருந்தது என்றுகூட அடையாளம் காண முடியவில்லை. யார் பிழைப்பது, யார் மாள்வது என்ற பிரிவினையைத் தோட்டத்து வேலை நேரமே செய்துவிட்டிருந்தது.

அடுத்து நிகழ்ந்தது எண்ணிக்கைக் குழப்பம். நூற்றுக்கணக்கானோர் புதையுண்டனர் என்று முதல் நாட்களில் உலகமெங்கும் செய்தி பரவியது. பின்னர் தொகை குறைந்தது, மேலும் குறைந்தது. ஈற்றில் இறந்தோரும் காணாமற்போனோருமாக 37 பேர் என்ற கணக்கு நிலைபெற்றது. அவர்களுள் பெரும்பாலோரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. தொகை குறைந்தமை ஆறுதலுக்குரியதுதான். ஆனால் ஒரு லயத்தில் எத்தனை பேர் வசிக்கின்றனர் என்பதை அன்று காலையில் உறுதியாகச் சொல்லவல்ல ஒருவர் இல்லாது போனமையை எண்ணிப் பார்க்க வேண்டும். தோட்டத்துச் செக்றோலில் வேலை செய்வோரின் பெயர் உண்டு. கொழும்பிலே கடையில் நிற்கும் மகனின் பெயர் அதில் இல்லை. ஓய்வுபெற்ற தாத்தாவின் பெயரும் இல்லை. உழைக்கும் கைகளை எண்ணும் ஏடு இருந்தது. வாழும் மனிதரை எண்ணும் ஏடு அந்த வேளையில் உதவிக்கு வரவில்லை.

இது எதிர்பாராத விபத்தும் அன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் இவ்விடம் ஆபத்தானது, குடியிருப்போரை அகற்ற வேண்டும் என்று அறிவித்திருந்தது. அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியதும் அதே 2005ஆம் ஆண்டிலேதான். அறிவியல் தன் கடமையைச் செய்தது. சட்டமும் ஏட்டில் இருந்தது. அப்படியாயின் மக்கள் ஏன் போகவில்லை?

அனர்த்தம் நிகழ்ந்த அன்றே இக்கேள்வியைக் கேட்டார்கள். கேட்டவர்களுள் பெரும்பாலோர் கொழும்பிலே சொந்த வீடு உடையவர்கள். "சொன்னோம், கேட்கவில்லை" என்று அதிகாரத்தில் இருப்போர் கூறும்போது கேட்போர்க்கும் அது நியாயமாகவே தோன்றிவிடுகிறது. எனக்கு அவ்வாறு தோன்றாமைக்குக் காரணம் உண்டு. இளமையில் ஊவா மாகாணத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் சில காலம் ஆசிரியனாக இருந்தேன். மாரிகால இரவுகளில் லயத்தின் பின்புறத்து மண்மேடு சிறிது சிறிதாக உதிர்ந்து விழும் சத்தத்தை அங்கேதான் முதலில் கேட்டேன். என் மாணவன் ஒருவனின் தந்தையிடம், சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருக்கிறதே, இன்னும் ஏன் இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"எங்க போறது மாஸ்டர்? வேலை இருக்கிற வரைக்கும்தான் இந்தக் காம்பரா நமக்கு. நாம எந்திரிச்சுப் போயிட்டா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. அப்புறம் திரும்பி வந்து எங்க நிக்கிறது?" என்றார் அவர்.

சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். "மலை என்னைக்காவது ஒரு நாள்தான் விழும். பேரு விழலேன்னா அன்னைக்கே அடுப்பு எரியாது."

பேர் என்பது தோட்டத்தில் ஒரு நாட் சம்பளத்தின் பெயர். நிறையக் கொழுந்து எடுத்தால் முழுப் பேர்; குறைந்தால் அரைப் பேர். அம்மனிதரைப் பிடிவாதக்காரர் என்றோ அறியாதவர் என்றோ நான் ஒருபோதும் கருதியதில்லை. மலை விழக்கூடும் என்பது அவருக்கு எவரிலும் நன்றாகத் தெரியும். இரண்டு ஆபத்துக்களைத் தராசில் இட்டு நிறுத்து, நாளைக்கு நிச்சயமாக வரக்கூடியதை விட்டு, என்றோ வரக்கூடியதை அவர் ஏற்றுக்கொண்டிருந்தார். எச்சரிக்கை என்பது போவதற்கு வேறோரிடம் உள்ளவனுக்கே பயன்படும் பொருள். மாற்றிடம் காட்டாமல் விடுக்கப்படும் எச்சரிக்கை, பின்னொரு நாள் விசாரணை வந்தால் கோப்பிலிருந்து எடுத்துக் காட்டுவதற்கு உதவும், அவ்வளவே.

அவருக்குப் போக்கிடம் இல்லாது போனது எப்படி என்பது நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட கதை. கோப்பிப் பயிர்ச்செய்கைக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மலைக்காடுகள் வெட்டப்பட்டன. தென்னிந்தியாவிலிருந்து கூலிகளாக மக்கள் அழைத்துவரப்பட்டனர். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலை நட்ட காலத்திலும் லயம் இருந்தது, இன்றும் இருக்கிறது. வீடு என்று அதைக் கருதிக் கட்டியவர் யாருமில்லை. காலையில் பிரட்டுக்கு ஆள் உடனே கிடைக்க வேண்டும். காவலுக்கும் கணக்குக்கும் வசதியாக வரிசையாக இருக்க வேண்டும். பயிருக்கு உரிய நிலத்தை அது தின்னக்கூடாது. துரையின் பங்களா காற்றும் காட்சியும் நோக்கி மேட்டிலே எழுந்தது. லயம், தேயிலைக்கு உதவாத ஓரத்திலும் ஓடைக்கரையிலும் மண்மேட்டின் கீழும் ஒதுங்கிற்று. எல்லாத் தோட்டத்திலும் அப்படியே என்று சொல்ல மாட்டேன். ஆயினும் மலைநாட்டில் நடந்து திரிந்தவர்களுக்கு நான் சொல்வது புதிதாக இராது.

கான் என்ற ஒன்றைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். தேயிலை மலையிலே மழைநீர் மண்ணுள் இறங்காமல் வழிந்தோடுவதற்காகச் சரிவுக்குக் குறுக்கே வெட்டப்படும் வாய்க்காலுக்குக் கான் என்று பெயர். பழைய நாளில் கான் வெட்டுவதற்கும் தூர் எடுப்பதற்கும் தனியாக ஆள் விடுவார்கள். செலவைக் குறைக்க வேண்டும் என்று வந்தால் முதலில் நிறுத்தப்படுவது இத்தகைய வேலைதான். ஏனெனில், கான் வெட்டினால் கொழுந்தின் நிறை அந்த மாதத்திலே கூடுவதில்லை. தூர்ந்துபோன கானில் தேங்கும் நீர் மண்ணுக்குள் இறங்குகிறது. உள்ளே இறங்கிய நீர் மண்ணின் பிடிப்பைத் தளர்த்தி அதன் பாரத்தையும் கூட்டுகிறது. இவ்வாறு ஒரு கணக்குப் புத்தகத்தின் சிக்கனம் மலைக்குள் நீராகச் சேருகிறது.

சரி, ஒரு கான் உடைந்தால் அயற் கிராமத்தவன் யாரிடம் முறையிடுவான்? பிரதேச சபை அங்கத்தவரிடம். தோட்டத்தவன் யாரிடம் முறையிடுவான்? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின்படி சபை தன் நிதியைத் தோட்டக் குடியிருப்புக்களில் தடையின்றிச் செலவிட முடியாதிருந்தது. 2018ஆம் ஆண்டில்தான் அது திருத்தப்பட்டது. வாக்களிக்கும்போது தோட்டத்து மக்கள் அச்சபையின் வாக்காளர். பாதையோ வடிகாலோ கேட்கும்போது தோட்டத்தின் ஆட்கள். மீரியபெத்தை சரிந்தபோது இந்த நிலைமை அப்படியே இருந்தது.

அதற்கும் முன்னே வாக்கே இல்லாத காலம் ஒன்றிருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழருள் பெரும்பகுதியினரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சியோரின் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. இதற்கும் மண்சரிவுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் வினவலாம். நெருங்கிய சம்பந்தம் உண்டு. அந்தப் பல்லாண்டுக் காலத்திலேதான் நாட்டிலே குடியேற்றத் திட்டங்களும் கிராம விஸ்தரிப்புத் திட்டங்களும் நடந்தன. முடிக்குரிய காணிகள் குடியானவருக்குப் பகிரப்பட்டன. பிரசை அல்லாதவன் அந்த வரிசையில் நிற்க முடியவில்லை. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் போயிற்று. குத்தகைக் காலம் 53 ஆண்டுகள் என்றாயிற்று. எசமானர் மாறினர், லயத்தின் உரிமை லயத்தில் இருந்தவனுக்கு வரவில்லை. பிரசாவுரிமை கைக்கு வந்தபோது, பாதுகாப்பான மேட்டிலே பத்துப் பேர்ச் துண்டு வாங்கும் வழியேதும் அவனுக்கு எஞ்சியிருக்கவில்லை.

இவ்வாறு சொல்லும்போது ஒரு மறுப்பு எழும்; எழ வேண்டியதே. மண்சரிவு தமிழரை மட்டும் தேடி வருவதில்லை. 2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அவர்கள் சொந்த மண்ணிலே வாழ்ந்த சிங்களக் கிராமத்தவர்கள். அதே நாளில் அதே மாவட்டத்தில் புளத்கொகுப்பிட்டியவிலே தோட்ட லயம் ஒன்றும் புதையுண்டது. மழைக்கு இனம் தெரியாது என்பது மெய். ஆனால் அரநாயக்கக் கிராமத்தவரும் செல்வர்கள் அல்லர். செங்குத்தான சரிவை வெட்டி வீடு கட்டும் நிலை வறியவனுக்கே வருகிறது. தோட்டத்தவனுக்கு அந்த வறுமையோடு உரிமையின்மையும் சேர்ந்துகொள்கிறது. கிராமத்தவன் இழந்த காணிக்கு உறுதி காட்டலாம். லயத்தவன் காட்டுவதற்கு என்ன இருக்கிறது?

இக்கருத்து நமக்கு மட்டும் உரியதுமன்று, புதியதுமன்று. 1755இல் லிஸ்பன் நகரைப் பூகம்பம் அழித்தபோது வொல்தேயர் விதியை நொந்து கவி பாடினார். அடுத்த ஆண்டில் ரூசோ அவருக்கு எழுதிய கடிதத்தில், ஆறேழு மாடி வீடுகளை ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் நெருக்கிக் கட்டியது இயற்கையல்லவே என்று வாதித்தார். 1976ஆம் ஆண்டு பெப்ரவரியில் குவாத்தமாலாவில் நிலம் நடுங்கியபோது இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மண்கல் வீடுகளில் வாழ்ந்த மலைநாட்டு மாயா மக்களும் தலைநகரின் பள்ளத்தாக்குச் சேரிகளில் ஒதுங்கியிருந்தோருமே அவர்களுள் பெரும்பாலோர். உறுதியான வீடுகளில் இருந்த வசதியுள்ளோர் பெரும்பாலும் தப்பினர். அதே ஆண்டில் ஓகீஃப், வெஸ்ட்கேட், விஸ்னர் என்னும் மூவர், அனர்த்தங்களிலிருந்து இயற்கை என்ற அடைமொழியைக் கழற்ற வேண்டும் என்ற கருத்தை 'நேச்சர்' என்னும் விஞ்ஞான சஞ்சிகையில் எழுதினர்.

நம் கிழக்குக் கரையில் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையும் இதையே காட்டிற்று. பல ஊர்களில் ஆண்களைவிடப் பெண்களே கூடுதலாக மாண்டனர். நீந்தவும் மரமேறவும் பையன்களுக்கே பழக்கியிருந்தோம். சேலையும் அவிழ்ந்த கூந்தலும் நீரில் காலையும் கழுத்தையும் பிணித்தன. கையில் இரண்டு பிள்ளைகளோடு ஓடுபவள் எவ்வளவு தூரம் ஓடுவாள்? கடல் ஆணையும் பெண்ணையும் வேறுபடுத்தவில்லை. அந்த வேறுபாட்டை வீட்டிலே நாம் முன்னரே செய்துவைத்திருந்தோம். இதைத் தனியாக விரித்து எழுத வேண்டும். இப்போது மலைக்கே திரும்புகிறேன்.

மீரியபெத்தையில் உயிர் தப்பியவர்கள் முதலில் பாடசாலைகளிலும் பின்னர் மாகல்தெனியவில் இயங்காதிருந்த தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலும் தங்கவைக்கப்பட்டனர். உடுப்புக்களும் பால்மாவும் லொறி லொறியாக வந்தன. நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் வந்தன. அந்த நல்ல மனத்தைக் குறைத்துப் பேசலாகாது. ஆனால் லொறிகள் நின்ற பின்னரும் தொழிற்சாலைத் தளத்திலே மறைப்புக் கட்டிக் குடும்பங்கள் வாழ்ந்தன. அங்கிருந்தே வேலைக்குப் போயினர்; வேலையோ பழைய தேயிலை மலைகளிலேதான். வீடுகள் கையளிக்கப்பட்டது 2016ஆம் ஆண்டு ஒக்டோபரில். 75 வீடுகள்; இரண்டு ஆண்டுக் காத்திருப்பு.

எனினும் அந்த 75 வீடுகளையும் ஏளனம் செய்ய நான் ஒருப்படேன். லயத்தை விட்டுத் தனி வீடு என்பது மலைநாட்டிலே சிறிய மாற்றமன்று. குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி என்ற கொள்கை 2015க்குப் பின்னர் அரசால் ஏற்கப்பட்டதற்கு மீரியபெத்தையின் மரணங்களும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன். என் வருத்தம் வேறு. சரிந்த தோட்டத்துக்கு வீடு கிடைத்தது. சரியக் காத்திருக்கும் தோட்டங்கள் வரிசையில் நிற்கின்றன. வீடு பெறுவதற்கு முதலில் புதையுண்டு போக வேண்டும் என்பது என்ன நியதி?

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த பெருமழையில் கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் மலைகள் பல இடங்களில் ஒரே சமயத்தில் சரிந்தன. நாடு முழுவதும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கிராமத்தவர், நகரத்தவர், தோட்டத்தவர் என எல்லோரும் அதில் உண்டு. மழை விட்டதும், லயங்களில் இருந்தவர்களை எங்கே குடியமர்த்துவது, காணியை யார் விடுவிப்பது, கம்பனியா, அரசா என்ற விவாதம் தொடங்கியது. 2014இல் கேட்கப்பட்ட கேள்விகளே, பெரும்பாலும் அதே வார்த்தைகளிலே.

மண்சரிவு வரைபடங்கள் இன்று மலைநாட்டு மாவட்டங்கள் எல்லாவற்றுக்கும் உண்டு. அபாயமான சரிவுகளைச் சிவப்பு நிறத்தால் குறித்திருக்கிறார்கள். அவற்றைத் தயாரித்தவர்களின் உழைப்பைப் போற்றுகிறேன். அந்த வரைபடத்தின் மீது இன்னொரு வரைபடத்தையும் வைத்துப் பார்க்கச் சொல்வேன்: எந்தக் குடும்பத்தின் கையில் காணி உறுதி உண்டு, எதன் கையில் இல்லை என்று காட்டும் வரைபடத்தை. மலைநாட்டிலே அப்படியொரு படத்தை வரைவதற்குப் பூகர்ப்பவியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு லயமாகச் சென்று, ஒவ்வொரு காம்பராவிலும் எத்தனை பேர், யார் பெயரில், எவ்வளவு காலமாக என்று கேட்டு எழுதினால் போதும். ஒரு தோட்டத்துக்கு இரண்டு நாள் பிடிக்கும். மாரி தொடங்குமுன் செய்யக்கூடிய வேலை.